நேர்த்திக்கு வளர்த்த தலைமுடி

என் அம்மா ஞானேஸ்வரி இந்த ஆவணியில் வவுனியாவில் இறந்தார். காய்ச்சல் என்று எழுதினார்கள். வயது நாற்பத்தெட்டு. சரசாலையில் பிறந்தவர். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து உடையார்கட்டுக்கு வந்து, அப்பா மயில்வாகனத்துடன் வாய்க்கால் ஓரத்து வயலில் நெல் விதைத்தார். அப்பாவைப் பாம்பு கடித்த பிறகு தனியாக விதைத்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவன். அம்மாவின் காலம் பெரும்பாலும் இளையவளைக் காப்பதில் போனது.

இளையவளை ஆண் குழந்தை என்று பதிந்து, நிருஷன் என்று பெயர் வைத்தார்கள். நாலு வயதுவரை பேசவில்லை. உழவு இயந்திரம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். பிட்டில் கறி பட்டால் சாப்பிடமாட்டாள். யாரும் தொடக் கூடாது. பத்து வயதில் ஒரு கலியாண வீட்டில் ஐயர் அருந்ததி காட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, "நான் அருந்ததி" என்றாள். அதன் பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அது வேறு யாருடையதோ என்பதுபோல் இருப்பாள்.

முடி வெட்டவும் விடவில்லை. கத்தரிக்கோல் சத்தம் அவளுக்குப் பொறுக்காது. அதோடு, பின்னலும் வேண்டும்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில் அம்மா அவளை வவுனியாவுக்குக் கொண்டுவந்து ஒரு டொக்டரிடம் காட்டினார். நான் அங்கே மின்னியல் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் போனேன்.

"இவருக்கு ஓட்டிசம்" என்றார் டொக்டர். "பெட்டை எண்டு சொல்லுறதும் அதாலதான். பெரிசா எடுக்காதேங்கோ. போயிடும்."

அம்மா கேட்டார்: "தலையிடிக்காரனுக்குப் பசியும் இருக்கலாம்தானே, டொக்டர்?"

டொக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு கம்பியில் இரண்டு அலைகள் சேர்ந்து ஓடும். ஒன்று மற்றதால் வந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் எழுந்து வந்தேன்.

ஊருக்கு அம்மா ஒரு பொய் சொன்னார். வைகாசியில் பொங்கல் நடக்கும் வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி. வேண்டியது பலித்தால் மொட்டை. அதுவரை முடியில் கத்தி படக் கூடாது. நேர்த்தி என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். பக்கத்து வளவு நாகேஸ்வரி மாமி மட்டும் விடமாட்டா.

"என்ன ஞானம், பெடியனுக்கு ரிபன் கட்டுறாய். நாளைக்குச் சீலையும் உடுத்துவியோ?"

"உன்ர நல்ல சீலை ஒண்டைத் தா. உடுத்திப் பாப்பம்."

"இந்த வைகாசிப் பொங்கலுக்காவது மொட்டை உண்டோ?"

"இன்னும் பலிக்கேல்லை."

"அப்பிடி என்னத்தையடி கேட்டனீ?"

"சொன்னாப் பலிக்காது."

இப்படியே ஐந்து வைகாசி போனது. காலையில் அம்மா எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுப்பார். அருந்ததி அசையாமல் இருப்பாள். அந்த ஒரு கையைத்தான் அவள் தொட விட்டாள்.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியபோது நான் வவுனியாவில் அகப்பட்டேன். இனி எழுதுவது அம்மா பிறகு வவுனியா அகதி முகாமில் வைத்துச் சொன்னது.

இந்த வருடம் தை மாதம் நாகேஸ்வரி மாமி பதுங்கியிருந்த பங்கர்மேல் ஷெல் விழுந்தது. மாமி போய்விட்டா. ஷெல்லை விட அம்மாவுக்கு அம்மாளிடம் பயம் வந்தது. பொய்க்குச் சொன்ன நேர்த்தியைத் தெய்வம் கேட்டு வந்துவிட்டது, அடுத்தது தன் பிள்ளை என்று நினைத்தார். பங்கருக்குள் அப்பாவின் சவரக்கத்தியை எடுத்தார்.

"ஆடாதை பிள்ளை. அம்மாளுக்கடி. நீ உயிரோட இருக்கோணும்."

அருந்ததி ஆடவில்லை, அழவுமில்லை. அதற்குப் பிறகு பேசவுமில்லை. சிக்கெடுக்கத் தலையில் முடியும் இல்லை. அம்மா கையை நீட்டினாலும் விலகிக்கொண்டாள்.

சித்திரையில் ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடிக்கு வந்தார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று. எங்கே போனாலும் அம்மாவுடன் பெண்கள் பக்கம் நின்றவள். இப்போது காற்சட்டை, குட்டை முடி. பெண்கள் பக்கம் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள், அங்கே பிடிபட்டால் என்ன ஆகும் என்று அம்மா பயந்தார். பெயர் கேட்டவர்களிடம், "இவர் என்ர மகன், நிருஷன். கதைக்கமாட்டார், சுகமில்லை" என்றார். ஆண்கள் வரிசையில் விட்டு, "அங்கால வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

அங்கால் அவள் இல்லை. ஆண்களை ஏற்றிய பஸ்கள் போய்விட்டிருந்தன. குட்டை முடிக்காரரைப் போராளிகள் என்று மறித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். பேசாத பெடியன் ஒருவனை வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றார் இன்னொருவர்.

முகாமில் காலைதோறும் அம்மா ஒலிபெருக்கிக் கொட்டிலுக்குப் போய் நிருஷனைக் கூப்பிடச் சொன்னார். ஆனி முடிந்தது. ஒரு நாள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் ஒரு மடைச்சி. அந்தப் பேருக்கு அவள் எப்ப திரும்பினவள்?"

உடனே கொட்டிலுக்கு நடந்தார். அறிவிப்புச் செய்யும் ராசு கேட்டதையும் தான் சொன்னதையும் அடுத்த முறை எனக்குச் சொன்னார்.

"அருந்ததியோ? பெடியனோ பெட்டையோ, அம்மா?"

"பெட்டை."

"இவ்வளவு நாளும் மகன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது பொய்."

"அடையாளம்?"

"தலைமுடி இப்ப கொஞ்சம் வளந்திருக்கும்."

வேலிக்கு வெளியே நின்ற எனக்கும் அறிவிப்புக் கேட்டது. மயில்வாகனம் அருந்ததி, பெண், வயது பதினாறு, தாயார் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. காய்ச்சலில் விழும்வரை அம்மா காலையில் போய் அந்தப் பெயரையே சொல்லச் சொன்னார்.