பச்சைப் பொம்மைகளுக்கு நடுவில்

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடமாகிறது. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார்; கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பயமோ கவலையோ வந்தால் அது அதிகமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை அவரே எடுத்து வந்தார். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் இரண்டு பக்கமும் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன. லேசாக இடித்தாலே உடைந்துவிடும். அந்தச் சந்துக்குள் அவர் நன்றாகத்தான் நடந்து வந்தார்.

"இடிச்சிடாதீங்க, நில்லுங்க" என்று கத்தினேன்.

நின்றார். கை நடுங்கி, தூக்குவாளி பலகையில் மோதியது.

"நகருங்கன்னு சொல்றேன் இல்ல?"

நான் கத்தக் கத்த நடுக்கம் கூடியது. ஒரு வரிசைப் பொம்மைகள் சரிந்து விழுந்தன.

கூட வேலை செய்யும் மும்தாஜ் அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒண்ணும் ஆகலண்ணே. பச்சை மண்ணுதானே, கரைச்சு மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். மெதுவா வாங்க."

எனக்கும் தெரிந்த விஷயம்தான் அது. கொஞ்ச நேரத்தில் அவர் கால் பெயர்ந்தது.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "அவங்க சொன்னா நடக்கறீங்க. நான் சொன்னா ஏன் நடக்கல?"

"உன் குரலு கேட்டாலே காலு கட்டிக்குது" என்றார், கோபமே இல்லாமல்.

அதன்பிறகு நான் கத்தியதில்லை. ஆனாலும் கூடத்தில் நடந்துகொண்டிருப்பவர், வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடுகிறார்.

இப்போதெல்லாம் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.