வாழைத் தோட்டத்துக்கு ஒரு சிம் கார்டு

வயலுக்கு இணையம் கொண்டுபோகிற வேலையில் வாய் வலிக்கும், கால் வலிக்கும், சிரித்துச் சிரித்து வயிறும் வலிக்கும். சர்வீஸ் பையை மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைகிற என் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! தருவைகுளத்தில் என் அப்பா பல வருஷமாக ஜி.பி.எஸ். பார்த்துத்தான் கடலுக்குப் போகிறார். அந்தத் தைரியத்தில்தான் விவசாயிகளிடம் இதெல்லாம் சுலபமாக எடுபடும் என்று நம்பி நானும் இறங்கினேன்.

மோட்டாருக்கு எதுக்கு சிம்?

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு ஆத்தூர்ப் பக்கம் வாழை. மனைவி பேச்சியக்காவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் குலசை தசராவில் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்தது, வேஷம்தான் கட்ட முடியவில்லை. கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வேஷக்காரர்களோடு குடிலில் தங்கி விரதம். வயலில் இறங்கக் கூடாது. அக்காவால் வரப்பில் நடக்க முடியாது. வாழைக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது? நேர்த்திக்கடன் தள்ளிக்கொண்டே போக, மனுஷர் நிம்மதி இல்லாமல் இருந்தார்.

போனில் கூப்பிட்டால் மோட்டாரை ஓடவைக்கிற ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டிக்கொடுத்தேன். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். அண்ணாச்சியின் நம்பருக்கு மட்டும் அது கட்டுப்படும். வீட்டில் இருந்தபடியே மோட்டாரை ஓடவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். பேச்சியக்கா அசரவில்லை. "மோட்டாரு முத மணியிலயே எடுக்கு. இவுக எடுக்கதுக்கு நான் நாலு தடவ அடிக்கணும்."

நட்டதற்குத் தண்ணீர்

அடுத்து, மண் காய்ந்தால் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் சென்சார். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நட்டோம். ஒரு வாரத்தில் போன் வந்தது, வாழை வாடுகிறதாம். என் அலுவலகத் திரையிலோ மண் சொதசொதவென்று ஈரம். விழுந்தடித்து ஓடினேன். சென்சாரைக் கழற்றினேன், மாட்டினேன், அனுப்பின கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போது அண்ணாச்சி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பயபக்தியோடு சென்சாரின் காலடியில் ஊற்றினார். தினமும் காலையில் இதுதான் நடக்கிறதாம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என் கவலை புரியவே இல்லை. "நட்டு வச்சதுக்குத் தண்ணி ஊத்தாம எப்பிடிம்மா இருக்கது?"

காளியைத் தெரியாத போன்

சென்சார் சகவாசமே வேண்டாம், போனிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி அந்த வருஷம் காப்புக் கட்டினார். வாழை குலை தள்ளியிருந்தது; அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் காய் திரளாது. மோட்டாரிலிருந்து பிரித்தாலும், ஈரத்தையாவது சொல்லட்டும் என்று சென்சாரை நான் பிடுங்காமல் விட்டிருந்தேன். ஒருநாள் என் திரையில் மண் காய்ந்து கிடந்தது, மோட்டார் ஓடவில்லை. மும்முனை மின்சாரமோ மதியம்வரைதான். கூப்பிட்டேன். நல்லவேளை, வருகிற அழைப்பை எடுக்கப் பூட்டுத் திறக்க வேண்டாம்.

அவர் போன் முகம் பார்த்துத் திறக்கிற ரகம். முகத்திலோ கரிய சாயம், கோரைப்பல், தொங்கும் நாக்கு. போனுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை, திறக்க மறுத்துவிட்டது. கடவு எண் மறந்தே போயிற்று. தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கப் புறப்பட்ட வேஷத்தைப் பாதியில் கலைக்கவும் முடியாது. அக்காவின் நம்பரையும் ஸ்டார்ட்டரில் சேர்ப்பது ஒன்றுதான் வழி. அதற்கான ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். பூட்டிய திரையிலும் தெரியும். அனுப்பினேன். தெருவில் நின்று, சூலத்தைப் பிடித்தபடி, ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னார். காளி எண் சொல்கிறாள் என்று சனம் சூழ்ந்துகொண்டது என் காதிலேயே கேட்டது. யாரோ ஒரு அம்மா பரபரப்பாகக் கேட்டார்: "தாயே, கடைசி நம்பரு எட்டா, ஆறா?"

யார் நம்பர்?

அக்கா கட்டிலில் கால் நீட்டியபடியே கூப்பிட்டு மோட்டாரை ஓடவிட்டார். என் திரையில் மண் நனைய நனைய, அலுவலகம் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன். அதன்பிறகு தினமும் அவர்தான் பாய்ச்சினார். அண்ணாச்சி நிறைவாக நேர்த்திக்கடனை முடித்துக் காப்பை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, குலைகள் மதமதவென்று தொங்கின. பழையபடி தன் நம்பரை மட்டும் வைக்கச் சொல்லி என்னை வரவழைத்தார். நான் பையைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "எம்மா, அவுக நம்பர எடுத்துரு. வருசா வருசம் வேசம் கட்டட்டும். தண்ணிய நான் பாத்துக்கிடுதேன்."

வயலுக்குள் இணையத்தைக் கொண்டுவந்து விட்டாயிற்று, நம் ஆட்களோடு பழகிக்கொள்ளத்தான் பாவம் அதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும்.