அவசரமில்லை என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், கண்டியில் பெரஹெரா ஊர்வலம் முடிந்து வீதியோரத் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்த கிழமையில், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய் வார்ட்டில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. கழுத்தில் இருந்த கட்டி சாதாரணக் கட்டியல்ல என்று அப்போதுதான் உறுதியாகியிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. குண்டசாலையில் ஓர் அறையில் தங்கி, தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நானே வாசித்து, நானே கையெழுத்துப் போட்டுப் பழக்கம். அதனால் எனக்கு விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்ல வாய் வராது. வார்ட்டில் சேர்ந்த அன்று ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தந்த டொக்டர், விளங்காததைக் கேட்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் ஒரு நீளமான சொல். எதிரே வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். ஏதோ மேலதிகப் பரிசோதனை என்று நினைத்து ‘வேண்டாம்’ கட்டத்தில் சரி போட்டேன். எல்லாம் விளங்கியதா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். எல்லாம் விளங்கியது என்று நானும் நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர் இருந்தார். என்னை விட ஒரு வயது குறைவு. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடையில் சாமான் வாங்குமளவு சிங்களம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கும்போது சோற்றுப் பார்சலோடு வந்து நிற்பாள். அவருடைய தலையைச் சீவிவிடுவாள், தலையணையைத் தட்டிப் போடுவாள், ஏதோ சொல்லி இருவரும் சிரிப்பார்கள். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருப்பேன். இத்தனை வருடம் பரீட்சை பரீட்சையாக எழுதித் தள்ளிய எனக்குத் தலையணை தட்டிப் போட ஆளில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் இந்த மனிதருக்கு இருக்கிறதே என்று எரிந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அப்போது எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை டொக்டர் வேண்டுமென்றே அந்தப் பகல் நேரத்தில் வந்தார். புருஷன், பெண்சாதி இருவரும் இருக்கும்போது பேச வேண்டிய விஷயமாம். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு தாளில் படம் கீறிக் காட்டிப் பேசத் தொடங்கினார். ஏற்றப்போகும் மருந்து விந்தணுக்களை அழித்துவிடலாம். சிலருக்கு மீண்டும் வரும், சிலருக்கு வராது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே மருந்துக்கு முன்பே கொஞ்சம் எடுத்து உறையவைத்துப் பாதுகாக்கலாம். பிறகு பிள்ளை வேண்டுமென்றால் அது உதவலாம்.

அதற்கு அவர் சொன்ன ஆங்கிலப் பெயர், மூன்றாம் பக்கத்திலிருந்த அந்த நீளமான சொல்.

நான் ‘வேண்டாம்’ என்று போட்டது இதற்குத்தான். வாசிக்கத் தெரிந்த எனக்கு ஒரு கட்டம். சரியாக வாசிக்கத் தெரியாதவருக்குக் கட்டிலில் உட்கார்ந்து படம். அதையும் நானே தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

“உங்களுடைய உயிரணுக்களை...” என்று தொடங்கினேன்.

“சேர், பாடம் எடுக்காதீங்க. நம்ம பாஷையில சொல்லுங்க” என்றார் அவர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாலும் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள். கடைசியாக டொக்டர் வேகமான சிங்களத்தில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். வியாழக்கிழமை மருந்து தொடங்குகிறது. விந்து கொடுப்பதென்றால் நாளைக் காலையில்தான் முடியும். ஆகவே இன்று பின்னேரம் நான்கு மணிக்குள் முடிவு தெரிய வேண்டும். சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

“எப்ப சொல்லணுமாம் சேர்?” என்று அவள் கேட்டாள்.

“அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லலாம்” என்றேன்.

வாய் தவறி வந்ததல்ல. எனக்கில்லாதது அவருக்கும் வேண்டாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று தீர்மானித்துவிட்டது. எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.

“அப்ப வீட்டுல மாமிகிட்டயும் கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன்” என்று அவள் கணவனிடம் சொன்னாள். அவரும் தலையாட்டினார். “நீ சொல்றதுதான். எனக்கு என்னா தெரியும்.”

ஒரு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிய, அவள் பையைத் தூக்கினாள். போகிறவள் திரும்பி வந்து என் மேசையில் ஒரு பார்சலை வைத்தாள். “ஒங்க அம்மாவுக்கு இந்தக் கெழம லீவு இல்லனு சொன்னீங்கள்ல. ஆஸ்பத்திரிச் சோத்த நீங்க தொடுறதே இல்லனு இவரு சொன்னாரு. மாசிச் சம்பல் வச்சிருக்கேன்.”

வாழையிலைச் சூடு தாளைத் தாண்டி வந்தது. விடியற்காலையில் எழுந்து, அவருக்குச் சமைத்த அடுப்பிலேயே எனக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறாள். பார்சலைப் பிரித்தேன். ஒரு வாய் வைக்கவும் முடியவில்லை. எழுந்து சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். நர்ஸ் பின்னாலிருந்து கத்தியது கேட்டது.

வாசலில் பழக்கடைகளைத் தாண்டி, பஸ் நிலையத்துக்குப் போகும் பக்கமாக அவள் வீதி கடக்க நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

“தங்கச்சி, இன்னைக்கு நாலு மணிக்குள்ள சொல்லணும். நாளைக்குனு விட்டா முடியாது.”

“ஐயோ, அத மறந்துட்டீங்களா சேர்?”

தப்பிக்க அவளே வழி திறந்து கொடுத்தாள். தலையாட்டியிருந்தால் போதும்.

“இல்ல. மறக்கல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலைக் கடந்து போன தெல்தோட்டை பஸ்ஸையும் பார்த்தாள். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

டொக்டரை அழைத்து வந்தார்கள். “எடுத்து வைக்கட்டும்” என்று அவள் சொல்ல, கணவர் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவள் என் பக்கம் கையைக் காட்டி, தன் அரைகுறைச் சிங்களத்தில் டொக்டரிடம் கேட்டாள். “இந்த சேருக்கும்?”

இவர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே என்றார் டொக்டர்.

“வேணாம்னீங்களா?” என்று அவள் என்னிடம் கேட்டாள்.

“என்னன்னு தெரியாம போட்டுட்டேன்” என்றேன். அதைத் தமிழில் சொல்வதே கஷ்டமாக இருந்தது. பிறகு டொக்டரிடம் சிங்களத்திலும் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு. “சேருக்கே தெரியலையா? அப்ப இந்தப் பரீட்சையில நான் பாஸு.”

டொக்டர் சிரிக்கவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, அதே தாளைத் திருப்பி, அதே படத்தை மறுபடி கீறினார். கல்யாணம் ஆகாதவருக்கும் இது உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். என் பழைய சரியை வெட்டிவிட்டு மற்றக் கட்டத்தில் நானே சரி போட்டேன்.

மறுநாள் காலை விந்து கொடுக்க இருவரையும் ஒன்றாகத்தான் அனுப்பினார்கள். கதிரையில் காத்திருந்தபோது, “கல்யாணமே கட்டல, ஒங்களுக்கு என்னா சேர் அவசரம்” என்று அவர் கிண்டலடித்துக்கொண்டே இருந்தார். பின்னேரம் டொக்டர் பரிசோதனை முடிவோடு வந்தார். எனக்குப் போதுமான அளவு இருந்தது. அவருடையதில் ஒன்றுமே இல்லை. மருந்துக்கு முன்பே நோய் சிலருக்கு அப்படிச் செய்துவிடுமாம். அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

இம்முறை ஒரு சொல்லும் விடவில்லை. குணமாகிச் சில வருடங்களின் பின் திரும்பவும் பரிசோதிக்கலாம், இப்போதே இல்லை என்று முடிவு கட்டத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னதையும் இரண்டு தடவை சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒங்களுக்கு இருக்கா?”

“இருக்கு.”

“பொறாமையா இருக்கு சேர்” என்றார், என் முகத்தைப் பார்த்தே. பிறகு, மனைவி வைத்துவிட்டுப் போயிருந்த பார்சலைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க. ஆறிரும்.”

இருவரும் குணமானோம். அவருக்கு இன்னும் பிள்ளையில்லை, எனக்கு இன்னும் கல்யாணமில்லை. தீபாவளிக்குப் பேசிக்கொள்வோம். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்ததை அவள் அவரிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. நான் ஓடிப்போய்ச் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவருக்கு எதுவும் மாறியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதை யாருமே அறிந்திருக்க மாட்டோம். அவருக்கு இல்லாமல் போனது நோயாலா என்னாலா என்ற கேள்வியோடு நான் சாகும்வரை இருந்திருப்பேன்.

இப்போதும் சில நாட்களில் பாடசாலை விட்டதும் அந்த டொக்டர் என்னைக் கூப்பிடுவார். சிங்களம் தெரியாத இளைஞர் எவராவது புதிதாக வந்திருப்பார். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, முதலில் எந்த நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதைச் சொல்வேன். பிறகுதான் மற்றதெல்லாம். பேசும்போது அவர்களுடைய மனைவியையோ காதலியையோ பார்த்துப் பழைய எரிச்சல் உள்ளே கிளம்பும் நாட்களும் உண்டு. அப்படிக் கிளம்பினால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் சோற்றில் பாதியை மற்றவர் பக்கம் தள்ள முடியும் என்பதை, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அந்த மனிதரிடம்தான் நான் கற்றேன்.