எந்திரத்துக்கு ஒரு வாய் பீர்

எல் ஆல்டோ என்ற மலைநகரில் ஒரு பின்னல் பட்டறை. கம்பளி கழுவ வந்து, அங்கேயே மேற்பார்வையாளராக உயர்ந்தவள் கசிமிரா. கையால் பின்னிப் பழகிய பெண்கள், புதிதாக வந்த பதினொரு எந்திரங்களை ஒரு வாரமாகத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவை ஓடாவிட்டால் பட்டறையையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"அதான் சொல்லிக் குடுத்தாச்சே, இன்னும் என்னடி பயம்?" என்றாள் கசிமிரா.

"பூமித்தாய்க்கு ஒரு வாய் பீர் ஊத்தாம ஓட்டினா கையை முழுங்கிரும்க்கா. வேணும்னா உங்க முதலாளியை வந்து கைய வைக்கச் சொல்லுங்க!" என்றாள் பின்னல்காரி பாஸிலியா. எல்லோரும் சிரித்தார்கள்.

கசிமிராவுக்குச் சுருக்கென்றது. எதைத் தொடங்கினாலும் செய்கிற நம் ஊர் வழக்கம், இதை எப்படி மறந்தோம்?

மறுநாள் வெள்ளி. எந்திரங்களுக்கு வண்ணக் காகிதம் சுற்றி, நான்கு மூலையிலும் பீர் தெளித்து, சிலுவைக்குறி போட்டாள். முதல் நூலைப் பாஸிலியாவையே கோக்கச் சொன்னாள்.

மதியத்துக்குள் பதினொரு எந்திரங்களும் ஓடின. அந்த இரைச்சலுக்கு நடுவே கசிமிரா தலை நிமிர்ந்து நின்றாள்.