ஷீஜா சொன்ன கிளச்சு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் சாலையில், லாரிகள் நிற்கும் முக்கில் ஷீஜாவின் கடை. வண்டியை ஸ்டார்ட் செய்யும் செல்ப் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்வது அவள் தொழில். ஐ.டி.ஐ. முடித்துக் கடை திறந்தபோது, நகத்தில் கிரீஸ் படிந்த பெண்ணை எவன் கட்டுவான் என்று ஊர் கேட்டது. அதே நகத்தோடுதான் மணப்பந்தலில் நின்றாள். கட்டியவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் கொல்லயில் ஊரிலிருந்து டிப்பர் டிரைவர் ஜெயன் போன் செய்தான். சாவியைத் திருப்பினால் செல்ப் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றான்.

"கிளச்சு போச்சு. மாத்தினாத்தான் ஓடும்," என்றாள் ஷீஜா.

மறுநாள் அந்த டிப்பரை இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. முதலாளி மோகனன் குதித்து இறங்கினார்.

"எட்டீ, ஒனக்க பேச்சைக் கேட்டு கியர்பாக்ஸை எறக்கி, நல்லா இருந்த கிளச்சு பிளேட்டை மாத்தியாச்சு. வண்டி அனங்குதில்ல! இனி ஒரு லாரி ஒனக்க கடையில நிக்காது, பாத்துக்கோ!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மோகனன் சொன்னால் மற்ற முதலாளிகளும் கேட்பார்கள், கடையை மூட வேண்டியதுதான். ஆனாலும் ஷீஜாவுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"நான் சொன்னது செல்புக்க கிளச்சை. கியர்பாக்ஸை எறக்கச் சொன்னது நானா?"

"செல்புக்கு கிளச்சா!" மோகனன் சிரித்தார்.

ஷீஜா வண்டிக்கடியில் புகுந்தாள். கைகொடுக்க வந்த ஜெயனை விலக்கி, அந்தக் கனத்த மோட்டாரைத் தானே மேசைக்குத் தூக்கி வந்து பிரித்தாள்.

சாவியைத் திருப்பியதும் செல்பின் சின்னப் பல்சக்கரம் முன்னால் போய் எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தைக் கவ்வும். மோட்டார் சுற்றி எஞ்சினை உருட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதன் வேகத்துக்கு மோட்டார் தாங்காது, சிதறிவிடும். அதனால்தான் நடுவில் ஒரு கிளச்சு. மோட்டார் தள்ளும்போது அதற்குள் இருக்கும் உருளைகள் இடுக்கில் இறுகிப் பிடிக்கும். எஞ்சின் முந்தினால் தளர்ந்து விட்டுவிடும்.

ஷீஜா அந்தக் கிளச்சைக் கழற்றி மோகனன் கையில் திணித்தாள். "திருப்புங்க அண்ணா. ஒரு பக்கம் சுத்தணும், மறுபக்கம் பூட்டணும்."

இரண்டு பக்கமும் வழுக்கிச் சுற்றியது. உருளைகள் தேய்ந்திருந்தன. மோகனன் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார்.

புதிய கிளச்சு போட்டு மோட்டாரை மாட்டினாள். ஜெயன் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமியது.

மோகனன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பெண்டிக்ஸுன்னாக்கும் இதைச் சொல்லுதது. நீயும் அப்படிச் சொல்லியிருந்தா ஜெயனுக்கு வெளங்கியிருக்குமே மக்கா."

"பிடிக்கவும் விடவும் செய்யுத சாதனத்துக்கு பேரு கிளச்சாக்கும். நான் மாத்த மாட்டேன். நீங்க சொன்னதை நீங்க மாத்துங்க."

"செரி, நான் சொன்னது தப்புதான்," என்று முனகினார்.

ஷீஜா டிப்பரைப் பார்த்துக் கத்தினாள். "ஜெயா, எஞ்சினை நிறுத்து. அண்ணன் சொல்லுதது டீக்கடை வரைக்கும் கேக்கணும்."

ஜெயன் எஞ்சினை நிறுத்தினான். மோகனன் சுற்றிலும் பார்த்தார். கையில் பழைய கிளச்சு இன்னும் இருந்தது.

"ஷீஜா சொன்னது சரியாக்கும்," என்றார் உரக்க. "செல்புக்கும் கிளச்சு உண்டு!"

"இனி வண்டியை எடு," என்றாள் ஜெயனிடம்.