பக்கத்து வயலின் முறை

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தினேன். நல்லது கெட்டது மனிதனுக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை, கூட்டமாக வாழ்ந்த விலங்குகளிடமிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த பாடம். ரத்தம் குடிக்கும் வௌவால், பட்டினி கிடக்கும் பக்கத்து வௌவாலுக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கும் என்று சொன்னால் கடைசி பெஞ்சுகூட விழித்துக்கொள்ளும். ஓய்வு பெற்றபின் கீழ்வேளூர்ப் பக்கம் கடைமடையில் சொந்த நிலத்தைப் பார்க்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அங்கேதான் விளங்கியது.

எங்கள் வாய்க்காலில் முறைத்தண்ணீர். முறைக்காரர் விடிந்ததும் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். வெயில் ஏறியும் வராவிட்டால் முறை அடுத்த வயலுக்குப் போய்விடும். போன சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம், ஒருநாள் பக்கத்து வயல்காரரின் முறை. அவரோ முந்தின நாள் நெஞ்சுவலி வந்து நாகப்பட்டினத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மனைவியும் உடன் போயிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். அவருக்கு அடுத்த முறை என்னுடையது.

அவருடையது, என்னுடையது என்று இரண்டு நாற்றங்காலும் வெடித்துக் கிடந்தன. வந்த தண்ணீர் ஒன்றுக்குத்தான் காணும். நாலு நாளாக வாய்க்காலையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன், யோசிக்கவும் தெம்பில்லை. வெயில் ஏறியதும், மடையை என் பக்கம் வெட்டும் முன் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. முறைப்படி நடப்பவன் எதற்குச் சுற்றிப் பார்க்க வேண்டும்? கூட்டத்தின் கண்ணுக்குப் பயந்து பயந்தே மனசாட்சி வளர்ந்தது என்று அதற்கும் பாடம் நடத்தியிருக்கிறேன். வெட்டிவிட்டேன்.

அடுத்த தண்ணீர் வருவதற்குள் அவர்கள் நாற்று கருகிவிட்டது. என்னுடையது தேவைக்கு மேலேயே வளர்ந்தது. ஒருநாள் காலை பக்கத்து வயல்காரரின் மனைவி வந்து நின்றார்.

"மிஞ்சின நாத்து இருந்தா தாங்க சார். இந்த வருஷம் தரிசா கெடந்தா எங்க பாடு கஷ்டம்ங்க."

"பறிச்சுக்குங்க" என்றேன்.

அவர் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கொடுத்தவன் என்ற பெயரோடு அங்கே உட்கார முடியவில்லை.

"அன்னிக்கு ஒங்க முறைத் தண்ணிய நான்தாம்மா வச்சுக்கிட்டேன்."

அவர் நிமிரவில்லை.

"தெரியுங்க சார். இது எங்க தண்ணியில வளந்த நாத்து. அதனாலதான் வேற யாருகிட்டயும் போய் நிக்காம ஒங்ககிட்ட வந்தேன்."

பறித்த நாற்றை ஒரு முடியாகக் கட்டி என் காலடியில் வரப்பின்மேல் வைத்துவிட்டு, அடுத்த பிடியைப் பறிக்கத் தொடங்கினார்.