ஆறு பேர் படுக்கிற வண்டி

எங்கள் வீட்டில் யாரும் எதையும் தனியாக வாங்கியதில்லை. அம்மாவுக்கு ஒரு புடவை எடுப்பதென்றாலும் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அத்தை என்று ஒரு படையே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறும். கடைசியில் பெரியம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு புடவை வந்து சேரும். அப்படிப்பட்ட வீட்டில் சித்தப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீடு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார்.

“வூட்ட இழுத்துக்கினு போறதா? நத்தையாடா நீ?” என்றாள் அத்தை.

நாங்கள் நைனார்பாளையத்தில் இருந்தோம். சித்தப்பா கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஜீப் ஓட்டினார். மழை பிடித்து அருவிகளில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் வெளியூர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாக மலைக்கு வருவார்கள். தங்க இடமில்லாமல் ஜீப்பிலேயே குந்திக்கொண்டு விடிய வைப்பார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த ஒரு டிரெய்லர் இருந்தால் தார் ரோடு இல்லாத இடத்துக்கும் இழுத்துப் போய் நிறுத்தலாம், நல்ல வாடகை வரும் என்பது சித்தப்பாவின் கணக்கு. செல்போனில் படமும் காட்டினார். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, பக்கக் கதவைத் திறந்தால் மெத்தை. கம்பெனியில் செய்த வண்டியின் விலையைக் கேட்டதும் பெரியப்பா இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். சின்னசேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கம்மி விலைக்குச் செய்கிறார்கள் என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் மறுபடி சோற்றில் கை வைத்தார்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தத் தை மாதம். வீட்டில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். ஒன்று பெரியப்பாவுடையது. இன்னொன்றைப் புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒதுக்கினார்கள். மாசியில் மக்காச்சோளம் வந்தது. விலை ஏறட்டும் என்று பெரியப்பா மூட்டைகளை அந்த அறையில் அடுக்கினார். விலை ஏறவில்லை, மூட்டைகளும் நகரவில்லை. சித்தப்பா ஜீப்பில் படுத்துக்கொண்டார். சித்தி கூடத்தில் பெண்களோடு, என் பக்கத்தில் படுத்தாள். எனக்கு அப்போது ஏழு வயது. உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் சித்திதான். அவள் வளையலைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன். மக்காச்சோளத்துக்கு விலை ஏறாமலே இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

ஆனி மாதத்தில் ஒருநாள் துணி துவைக்கிற கல்லருகே சித்தி அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன்.

“ஆடிக்கு எங்க அண்ணன் கூட்டிக்கினு போக வரும்க்கா. போனா திரும்பி வரமாட்டேன். இந்த வூட்ல எனக்கு எடமே இல்ல.”

அம்மா துணியை அலசிக்கொண்டே இருந்தாள். “அவருகிட்ட சொன்னியா?”

“சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“வண்டி வாங்கறேன்றாரு.”

அம்மா அலசுவதை நிறுத்திவிட்டுச் சித்தியையே பார்த்தாள். ஆடிக்குத் தாய்வீடு போகிற புதுப்பெண்கள் ஆவணியில் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வரமாட்டேன் என்று ஒருத்தி சொல்லி அன்றுதான் கேட்டேன். அன்று ராத்திரி பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன். சித்திக்கு நிறைய இடம் விட்டேன். அப்படியும் காலையில் அவள் முகம் வாடியே இருந்தது.

வழக்கம்போல் எல்லோருமாகப் போய் இறங்கிய பட்டறையில் இரண்டு டிரெய்லர்கள் நின்றன. யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுக்காமல் போனவை. ஒன்று பெரிசு. நாலு சக்கரம், ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாக ஆறு பலகைகள், மின்விசிறி, கம்பி வைத்த ஜன்னல். இன்னொன்று சிறிசு. இரண்டே சக்கரம். உள்ளே ஒரே ஒரு மெத்தை, அதில் இரண்டு பேர் படுக்கலாம். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

சித்தப்பா நேராகச் சின்னதின் அடியில் போய்ப் படுத்தார். அச்சு உயரமாக இருக்கிறது, கல்லில் இடிக்காது என்றார். ஜீப் சக்கரமும் இதன் சக்கரமும் ஒரே அளவு, ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் போதும் என்றார். எடை கம்மி, ஜீப் மூச்சுத் திணறாமல் இழுக்கும் என்றார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததில்லை.

பெரியப்பா பெரியதில் ஏறி ஒவ்வொரு பலகையிலும் படுத்துப் பார்த்தார். “கொஞ்சம் ஜாஸ்தி போட்டா ஆறு பேரு படுக்கலாம். வாடக இல்லாத நாள்ல நாம எல்லாருமே போயிட்டு வரலாமேடா?”

“நாலு சக்கர வண்டி கொண்டை ஊசி வளவுல திரும்பாதுண்ணா.”

“லாரியே திரும்புது.”

“தார் ரோட்ட உட்டு எறங்கினா சேத்துல மாட்டும்ண்ணா. பின்னாடி இழுத்துக்கினு போயிடும்.”

“ஆறு பேரு எங்க, ரெண்டு பேரு எங்க? உனக்குக் கணக்கே தெரியல.”

அத்தை மேல் பலகை தனக்கு என்று சொல்லிவிட்டாள். நானும் பெரியதுக்குத்தான் கை தூக்கினேன். சித்தி சின்ன வண்டியின் கதவருகே நின்று, மெத்தையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். நான் பார்த்தேன். பாவம், சின்னதில் நம் குடும்பம் அடங்காது என்பதுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

மலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார் பட்டறைக்காரர். பெரியதை ஜீப்பில் மாட்டினார்கள். ஆறு பேர் எடைக்காகப் பெரியப்பா ஆறு மூட்டை மக்காச்சோளம் ஏற்றச் சொன்னார். மலை ஏறினால் வாந்தி எடுக்கும் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டாள். முன்னால் பெரியப்பா, பின்னால் அப்பா, அம்மா, அத்தை, சித்தி, நான்.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே ஜீப் முனக ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லரின் பின்பக்கம் எதிர் ஓரத்துக்குப் போய் எதிரே வந்த பஸ்காரரைத் திட்ட வைத்தது. சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அத்தை சாமி பெயர்களை வரிசையாகச் சொன்னாள். மேலே போனபோது தூறல் போட்டது.

“ரோட்ல எல்லா வண்டியும்தான் ஓடும். மண்ணுல எறக்குடா, பாப்போம்” என்றார் பெரியப்பா.

மலைக் கிராமம் ஒன்றுக்குப் போகிற செம்மண் தடத்தில் சித்தப்பா ஜீப்பைத் திருப்பினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கீழே ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. ஏற்றத்தின் பாதியில் சக்கரங்கள் சுற்றின. ஜீப் நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. பிரேக் பிடித்துத்தான் இருந்தது. பிடித்த சக்கரத்தோடு வண்டி சேற்றில் வழுக்கியது.

“எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!”

சித்தப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அம்மா என்னைத் தூக்கிப் பாறைப் பக்கம் போட்டாள். அப்பா கல்லைத் தேடி ஓடினார். டிரெய்லரின் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு ஆள் நீளத்தில் இருந்தது. அப்பா வைத்த கல் சேற்றில் வழுக்கி ஓடைக்குப் போனது. சித்தப்பா மட்டும் ஜீப்பில். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்கே தெரிந்தது.

சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லரின் கதவைத் திறந்தாள். ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அம்மா ஓடிப்போய் மறு காதைப் பிடித்தாள். தொப்பென்று விழுந்த மூட்டையை இரண்டு பேரும் சேற்றில் உருட்டி, நகர்ந்துகொண்டிருந்த சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார்கள்.

“மூட்ட! யம்மா, மூட்ட!” என்று பெரியப்பா அலறினார்.

சக்கரம் அதன்மேல் ஏறியது. மூட்டை வெடித்துச் சோளம் சேற்றில் மஞ்சளாகக் கொட்டியது. வண்டி நிற்கவில்லை. அடுத்த மூட்டையைத் தள்ளும்போது சித்தியின் கை சக்கரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்தக் கையைத்தான் நான் தினமும் பிடித்துக்கொண்டு தூங்கினேன். சித்தி செத்துப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது மூட்டைக்கு அப்பாவும் வந்து சேர்ந்தார். அதில்தான் வண்டி நின்றது.

பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த மலைக்காரர்கள் கயிறோடு வந்து, ஒருவழியாக ஜீப்பையும் டிரெய்லரையும் மேலே இழுத்துவிட்டார்கள். சித்தப்பா இறங்கி நின்றார்.

கல்யாணமான நாளிலிருந்து பெரியப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிராத சித்தி, முழங்கை வரை சேற்றோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“எங்களுக்குப் பெருசு வேணாங்க மாமா. சிறுசே போதும்.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா சேற்றில் கிடந்த சோளத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன், அந்த டயரு சரியில்லன்னு” என்றார். அவர் சொல்லவே இல்லை.

சின்ன டிரெய்லரை மறுநாள் அதே தடத்தில் சித்தப்பா ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. வாடகைக்கு விடும் முன்னால் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும், மழை ஒழுகுகிறதா என்று தெரியாது, நானும் அவளும் போய்விட்டு வருகிறோம் என்று ஒரு சாயங்காலம் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையணையோடு டிரெய்லரில் ஏறிவிட்டேன்.

“கூட்டிக்கினு போங்க. தொணைக்கு ஆச்சு” என்றாள் பெரியம்மா.

“நானும் வேணா வரட்டா?” என்றாள் அத்தை.

சித்தப்பா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என் தலையணையை வாங்கி மெத்தையின் நடுவில் வைத்தாள். அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கதவுக் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

“நா போவேன்! சித்தி போனா திரும்பி வரமாட்டா! உங்கிட்டதான சொல்லிச்சு, இந்த வூட்ல எடமே இல்லன்னு!”

வாசலில் இருந்த எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“இன்னா சொல்லுது கொழந்த?”

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை என்னை அடித்தே அறியாதவள். “தூக்கத்துல இன்னாத்தயோ கேட்டுட்டு ஒளறுது” என்று பெரியப்பாவிடம் சொன்னாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “நீங்க கெளம்புங்க தம்பி, இருட்டறதுக்குள்ள” என்றாள். அம்மா அந்த வீட்டில் யாருக்கும் அதுவரை உத்தரவு போட்டதில்லை. சித்தப்பா உடனே கிளம்பினார்.

அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனாள். வண்டி சின்னசேலம் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள். எனக்குக் கன்னம் எரிந்தது. ரகசியத்தைச் சொன்னதற்காக அடித்தாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகத்தில் கோபமே இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அடி வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ராத்திரி என்று போனவர்கள் இரண்டு ராத்திரி கழித்து வந்தார்கள். ஒழுகுகிறதா என்று பெரியப்பா கேட்டதற்கு, மழையே வரவில்லை என்றார் சித்தப்பா. அந்த இரண்டு நாளும் எங்கள் ஊரிலேயே கொட்டித் தீர்த்திருந்தது.

ஆடி ஒன்றாம் தேதி சித்தியின் அண்ணன் வந்து அழைத்துப் போனார். நான் அழுத அழுகையில் அவர் பயந்தே போனார். சித்தி சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். ஆவணி பிறந்த அன்றைக்கே, யாரும் போய்க் கூப்பிடக் காத்திராமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தானாகத் திரும்பி வந்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு முதல் காரியமாக ஒரு புகார் சொன்னேன். புகார் அம்மாவைப் பற்றியது.

ஆடியில் ஒருநாள் அப்பா, வண்டி சும்மா நின்றால் டயர் கெட்டுவிடும், ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்றார். சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஜீப் சாவியை எடுத்துக் கொடுத்தார். டயரைப் பார்ப்பதற்கு அம்மா தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். என்னை அத்தையிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் வெள்ளிமலைக்குப் போய் மறுநாள்தான் வந்தார்கள். இதையெல்லாம் நான் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, சித்தி என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். இரண்டு பேரும் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பக்கம் பேச அந்த வீட்டில் ஒரு ஆள்கூட இல்லை.

அடுத்த சித்திரையில் எனக்குத் தம்பி பிறந்தான். “சித்திர வெயில்ல யாராவது புள்ள பெத்துக்குவாங்களா?” என்று பெரியம்மா விசிறிக்கொண்டே விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் வாசலில் நின்ற சின்ன வண்டியை ஒரு முறை முறைத்தாள். அது பாவம், வேப்பமரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்த வண்டி என்ன தப்புச் செய்தது என்று எனக்குப் புரியவே இல்லை.